கைகளை மாற்றிப் பிடித்தவர்: பாப்வா செவ்கோலத்தின் கதை

பெரும்போக அறுவடைக் காலத்தில் வில்கமுவவில் சில கிழமைகள் தங்கியிருந்தேன். கிளிநொச்சியில் இருந்து நெல் வெட்டும் இயந்திரத்தை லொறியில் ஏற்றி, தம்புள்ளை, நாவுல, எலஹெர வழியாக அங்கே போய்ச் சேர்வது எங்களுக்கு வழமையான பயணம். ஒரு பக்கம் மகாவலித் தண்ணீரில் விளையும் வயல்கள். மறுபக்கம் வஸ்கமுவக் காடு. இரவில் யானைக்குப் பயந்து வெடி கொளுத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு நான் இன்றும் திடுக்கிட்டு எழும்புவேன். காரணத்தை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2009இல் ஷெல் துண்டொன்று என் இடது கையின் சின்ன விரலையும் மோதிர விரலையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு மண்வெட்டி பிடிப்பது பெரிய பாடாகிப் போனது. இடது கையைப் பிடியின் நுனியில் வைத்து, வலது கையை முன்னால் வைத்து வெட்டுவதுதான் நான் பழகிய முறை. நுனியில் பிடிக்கும் கைக்கு அந்த இரண்டு விரல்களும்தான் உயிர். அவை இல்லாமல் பிடி சுழன்று நழுவியது. கைகளை மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். வலது கை நுனியில், இடது கை முன்னால். வேலை நடந்தது. ஆனால் கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஓரிடத்தில் இப்படிப் பிடிப்பவனுக்கு முழுச் சம்பளம் ஏன் என்றும் கேட்டார்கள். அன்றிலிருந்து ஆட்கள் பார்க்க மண்வெட்டியைத் தொடுவதை நிறுத்தியிருந்தேன்.

வில்கமுவவில் இயந்திரம் அடுத்த வயலுக்குள் இறங்க வரம்பை வெட்ட வேண்டியிருந்தது. யாரும் இல்லை என்று நினைத்து நான் வெட்டிக்கொண்டிருந்தேன். வயல்காரரான முதியவர் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் அவரைச் சீயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சிரிக்கவில்லை. இப்படிப் பிடித்து உலகத்தையே வியக்க வைத்த ஒரு மனிதனைப் பற்றித் தனக்குத் தெரியும் என்றார். இளமையில் நுவரெலியாவில் கோல்ப் விளையாட வருபவர்களின் பையைத் தூக்கும் வேலை செய்தவராம். 1889இல் தொடங்கிய அந்த மைதானத்தில் பை தூக்கியவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். அவர்களிடமிருந்து கொஞ்சம் தமிழும், விளையாட வந்தவர்களிடமிருந்து இந்தக் கதையும் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. அன்றிரவு தொலைபேசியில் தேடத் தொடங்கினேன். பிறகும் பல மாதங்கள் தேடித் தேடி வாசித்தேன்.

அந்த மனிதரின் பெயர் செவ்சங்கர் செவ்கோலம். எல்லோரும் பாப்வா என்று அழைத்தார்கள். தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர்.

டர்பனுக்கு இந்தியர்கள் எப்படிப் போனார்கள் என்பது எமக்குப் புதிய கதை அல்ல. 1860 நவம்பர் 16ஆம் திகதி, சென்னையில் இருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கப் போனவர்கள் அவர்கள். 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அப்படிப் போனார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும். மற்றவர்கள் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர். பாப்வாவின் முன்னோர் வடக்கில் இருந்து வந்தவர்கள். மொழியால் அவர் தமிழர் அல்ல. ஆனால் மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, வழியில் செத்தவர்கள் போக மீதிப் பேராய் மாத்தளைக்கு வந்து சேர்ந்த எங்கள் மலையகத்து மக்களையும் அவருடைய பாட்டன்மாரையும் அனுப்பி வைத்தது ஒரே பேரரசுதான்.

பாப்வா பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. எழுத வாசிக்கத் தெரியாது. சிறு வயதிலேயே வெள்ளையரின் கோல்ப் மைதானத்தில் பை தூக்கும் வேலைக்குப் போனார். மரக்கிளையைச் செதுக்கி மட்டையாக்கித் தானாகவே அடித்துப் பழகினார் என்பார்கள். பயிற்சியாளர் எவரும் இல்லை. அதனால்தான் போலும், உலகம் முழுவதும் இடது கையை மேலும் வலது கையைக் கீழும் வைத்துப் பிடிக்க, அவர் வலது கையை மேலும் இடது கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். வலதுகைக்காரர்போல் நின்று, இடதுகைக்காரரின் பிடியில் அடித்தார். பாடப் புத்தகங்கள் கூடாது என்று சொல்லும் முறை அது.

இந்தப் பிடி எப்படி வேலை செய்தது? சீயா தன் முற்றத்தில் ஒரு தடியை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

கோல்ப் அடியில் எல்லாமே ரிலீஸ் என்று சொல்லப்படும் ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. மட்டையை மேலே தூக்கும்போது மணிக்கட்டு மடங்குகிறது. கீழே வரும்போது அந்த மடிப்பைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பந்துக்குக் கிட்ட வரும்போது விட வேண்டும். விடும்போது முன்கைகள் உருள்கின்றன. மட்டையின் தலை கைகளை எட்டிப் பிடித்து, பந்தைத் தாண்டிய பிறகு முந்திப் போகிறது. முன்கூட்டியே விட்டால் வேகம் வழியிலேயே செலவாகிவிடும். மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணில் குத்தும். விடப் பிந்தினால் மட்டையின் முகம் திறந்தபடி வந்து, வலதுகைக்காரரின் பந்து வலப்பக்கம் ஓடும். பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது படும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசைதான். ஒரு நாள் நேராகவும் மறுநாள் கோணலாகவும் அடிப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்.

இதில் அதிகம் கெடுப்பது பின்னால் நிற்கும் வலது கை. அவசரப்பட்டு அது தள்ளும்போது முன்னால் இருக்கும் இடது மணிக்கட்டு உடைந்து புறங்கைப் பக்கமாக மடங்கும். மட்டையின் தலை கைகளுக்கு முன்னால் பாய்ந்துவிடும். பாப்வாவின் பிடியில் இடது கை கீழே, மட்டையின் தலைக்கு அருகில் இருந்தது. அங்கே இருக்கும் இடது மணிக்கட்டை வலது கையால் எளிதில் மடக்க முடியாது. அதனால் பந்து படும் கணத்தில் கைகள் முன்னால் இருந்தன; முகம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி வந்து சேர்ந்தது. இதற்கு விலையும் உண்டு. மட்டையை முழுதாக மேலே மடக்குவது இந்தப் பிடியில் கடினம். வலுவில் இழப்பதைத் திருத்தத்தில் ஈடுகட்ட வேண்டும். பந்தைத் துளைக்குள் தள்ளிவிடும் மெதுவான அடிக்கு, பிற்காலத்தில் பெயர்பெற்ற பல வீரர்களும் இடது கையைக் கீழே வைத்தார்கள். பாப்வா அதை முழு அடிக்கும் வைத்திருந்தவர்.

கிரஹம் வுல்ப் என்ற டர்பன் வர்த்தகர் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். ஓயில் ஒப் ஓலே என்ற முகப்பூச்சை உருவாக்கியவர் இவர்தான். 1959இல் பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே பாப்வா நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் போட்டியில் வென்றார். 1960இல் மீண்டும் வென்றார். 1964இல் மூன்றாவது முறையும் வென்றார். வெவ்வேறு ஆண்டுகள், வெவ்வேறு காற்று, வெவ்வேறு எதிராளிகள். தவறான பிடி என்று சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான் மாறாமல் இருந்தது.

ஊரிலோ நிலைமை வேறு. 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவெறியைச் சட்டமாக்கியிருந்தது. 1950இன் குழுப் பிரதேசச் சட்டம் யார் எங்கே வாழலாம் என்பதைத் தோலின் நிறத்தைக் கொண்டு தீர்மானித்தது. ஐரோப்பாவில் வெற்றிக் கிண்ணம் தூக்கியவர், தான் பிறந்த நகரத்தின் மைதானத்தில் ஆட அனுமதிப் பத்திரம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. சொந்தக் காணிக்குப் போக அனுமதி கேட்டுச் சோதனைச்சாவடியில் நின்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும்.

1963இல் நேட்டால் ஓப்பன் போட்டியில் ஆட அனுமதி கிடைத்தது. டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த அந்தப் போட்டியில் வெள்ளையர் அனைவரையும் பின்தள்ளிப் பாப்வா முதலிடம் பெற்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மற்ற வீரர்கள் கழக மண்டபத்துக்குள் போனார்கள். இந்தியர் என்பதால் பாப்வாவுக்கு உள்ளே இடமில்லை. வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தை வாங்கினார்.

அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பாப்வா அரசியல் பேசியவர் அல்ல. மேடை ஏறியவரும் அல்ல. ஆனால் ஆயிரம் அறிக்கைகள் சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லியது. தென்னாபிரிக்காவை விளையாட்டில் இருந்து விலக்க வேண்டும் என்ற குரல் அதன் பின்னர் வலுத்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த நாடு சேர்க்கப்படவில்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்தில் இருந்தே வெளியேற்றப்பட்டது. சாட்சியம் என்பது எப்போதும் வாயால் சொல்லப்படுவதில்லை. படங்களைச் சேமித்து வைத்திருக்கும் எங்கள் மக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

1965இல் பாப்வா நேட்டால் ஓப்பனை மீண்டும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர்களில் கரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்று, நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற மிகச் சிலரில் ஒருவரானவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாத பை தூக்கி ஒருவர் அவரை வென்றதை அரசால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு பெரிய போட்டிகளின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் வெளிநாட்டுக்குப் போய் ஆடும் வழியும் இல்லாமல் போனது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெகு நேரம் இருந்தேன். கையில் குறை இருந்தால் பிடியை மாற்றலாம். பயிற்சி இல்லாவிட்டால் தானாகப் பழகலாம். அடி கோணினால் திருத்தலாம். மைதானத்தின் வாசலைப் பூட்டி வைத்தால் ஒரு தனி மனிதன் எந்தத் திறமையைக் கொண்டு அதைத் திறப்பான்? எங்கள் பிள்ளைகளிடம் திறமை இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பாப்வாவின் வாழ்க்கை அது பாதி உண்மை மட்டுமே என்று காட்டுகிறது.

1978இல், ஐம்பது வயது நிறையுமுன், பாப்வா வறுமையில் இறந்தார். நிறவெறி ஆட்சி முடிவதற்கு இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. பின்னர் வந்த ஜனநாயக அரசு, இறந்தவருக்கு இகமங்கா என்ற தேசிய விருதை வழங்கியது. டர்பனில் உம்கேனி ஆற்றுக்கு அருகே ஒரு பொது கோல்ப் மைதானம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது. விருதை வாங்க அவர் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் ஏன் இப்போதே பதில் வேண்டும் என்று வீதியில் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

வில்கமுவவை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள், சீயா முற்றத்துப் புழுதியில் ஒரு கோடு கீறினார். கால்களைச் சேர்த்து வைக்கச் சொன்னார். தடியை அரைவாசிக்கு மட்டும் தூக்கி, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மண்ணைத் தொடும்படி வீசச் சொன்னார். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு செத்துவிடும், தளர்த்திப் பிடி என்றார். பத்துத் தடவை வீசினேன். முதல் தடவைகளில் தடி கோட்டுக்குப் பின்னால் மண்ணைக் கிளறியது. கையால் அடிக்காமல் உடம்பைத் திருப்பி, கையைக் கூடவே வர விட்டதும் கீறல்கள் கோட்டுக்கு முன்னால், ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கின. கடைசி நான்கும் ஒரே இடத்தில் விழுந்தன.

நான் கோல்ப் ஆடப் போவதில்லை. ஆனால் மறுநாள் காலை, லொறி வருவதற்கு முன், எல்லோரும் பார்க்க மீதி வரம்பை வெட்டி முடித்தேன். வலது கை நுனியில், இடது கை முன்னால். மண்வெட்டி ஒவ்வொரு முறையும் வைத்த இடத்தில் இறங்கியது.