டென்சிங் நோர்கே: எவரெஸ்ட்டில் உயிரைத் தீர்மானித்த ஆக்சிஜன் கணக்கு

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் கிடைக்கும் ஆக்சிஜனில், எவரெஸ்ட் உச்சியில் அதே மூச்சுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்த உச்சியை 1953 மே 29-ல் எட்மண்ட் ஹிலாரியோடு தொட்டவர் டென்சிங் நோர்கே. அது அவருக்கு ஏழாவது எவரெஸ்ட் பயணம்!

மேலே போனால் ஏன் மூச்சு முட்டுகிறது?

காற்றில் ஆக்சிஜனின் அளவு எங்கேயும் 21 சதவீதம்தான். உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. இதில் முதலில் அடிவாங்குவது மூளை. முடிவெடுக்கும் திறன் குறைவதே நமக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கூலியாளாகத் தொடங்கியவர்

1914-ல் பிறந்த டென்சிங், பதின்வயதின் இறுதியில் வேலை தேடி டார்ஜிலிங் வந்தார். 1935-ல் எரிக் ஷிப்டன் குழுவில் சுமை தூக்கும் ஆளாகத்தான் முதன்முதலில் எவரெஸ்ட் பக்கம் போனார். அடுத்தடுத்த பயணங்களில் மலை அவருக்குப் பழகிப்போனது.

1952: கருவி கைவிட்டது

சுவிட்சர்லாந்து குழுவின் ரேமண்ட் லாம்பெர்ட்டும் டென்சிங்கும் 8,400 மீட்டரில், ஸ்லீப்பிங் பேக்கூட இல்லாமல் ஓர் இரவைக் கழித்தார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் கருவியில் நடந்துகொண்டே மூச்சு விட முடியவில்லை, நின்றால்தான் பயன்பட்டது. மறுநாள், மே 28-ல், சுமார் 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள்.

1953: லிட்டர் கணக்கு

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் குழுவில் கருவி நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசி முகாமுக்குச் சுமை தூக்கிப் போக ஆள் குறைந்ததால் சிலிண்டர்கள் போதவில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டர் என்ற திட்டத்தை 3 லிட்டராகக் குறைத்தார்கள். மூன்று நாள் முன்பு ஏறிய பூர்டில்லனும் எவான்ஸும் வழியில் விட்டுப்போன, பாதி தீர்ந்த சிலிண்டர்கள் இறங்கும்போது கைகொடுத்தன.

உச்சிக்குச் சற்று முன் டென்சிங்கின் நடை திடீரென மந்தமானது. மூச்சு வெளியேறும் குழாயை ஐஸ் அடைத்திருந்தது. ஹிலாரி கவனித்து அதை நீக்கினார். காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் இருந்தார்கள்.

கிளைடர் பைலட்டுக்கும் இதே பாடம்தான்

மலைக்காற்றைப் பிடித்து, எஞ்சின் இல்லாமல் உயரும் கிளைடரிலும் இதே ஆபத்து உண்டு. அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டினாலே பைலட் ஆக்சிஜன் எடுக்க வேண்டும். 14,000 அடிக்கு மேல் முழு நேரமும். தலைசுற்றிய பிறகு மாஸ்க் மாட்டிக்கலாம் என்று காத்திருந்தால், அதை மாட்டும் நிதானமே இருக்காது.

அதன் பிறகு?

1954-ல் டார்ஜிலிங்கில் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில், களப்பயிற்சியின் முதல் இயக்குநரானார் டென்சிங். 1986 மே 9-ல் டார்ஜிலிங்கிலேயே காலமானார். 1978-ல் மெஸ்னரும் ஹாபெலரும் சிலிண்டர் இல்லாமலே எவரெஸ்ட் ஏறிக் காட்டினார்கள். ஆனாலும் இன்றுவரை ஏறுபவர்களில் பெரும்பாலோர் ஆக்சிஜனோடுதான் போகிறார்கள். அந்த சிலிண்டர்களை மேலே தூக்கிப் போவது பெரும்பாலும் டென்சிங்கைப் போன்ற ஷெர்பாக்கள்தான்.