வண்ணங்களும் ஒரு மருந்து - ஓவியர் வான்கோவின் வாழ்வு

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏற ஏறப் பாத்திகள் வெள்ளித் தகடுகளாய் மின்னும். அந்த ஒளியில் வளர்ந்த நமக்கு, பிரான்சு நாட்டின் தென்கடலோரத்தில் உப்பு விளையும் காமார்க் பகுதி அந்நியமன்று. அதன் விளிம்பிலுள்ள ஆர்ல் நகரில்தான் ஓவியர் வின்சென்ட் வான்கோவின் மனம் உடைந்தது. உடைந்த மனத்தைத் தாங்கிப் பிடித்தது எது? தூரிகை!

1853 மார்ச் 30ஆம் நாள் ஆலந்து நாட்டில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார் வான்கோ. ஓவியக் கடையில் பணியாளர், பள்ளி ஆசிரியர், சுரங்கத் தொழிலாளரிடையே சமயப் பணியாளர் என்று எதிலும் நிலைக்கவில்லை. 27ஆம் வயதில் ஓவியமே வாழ்வெனத் துணிந்தார். தம்பி தியோ அனுப்பிய பணமே அவருக்குச் சோறும் வண்ணமும் ஆயிற்று.

1888இல் ஆர்லுக்கு வந்தார். காமார்க் கடற்கரைக்குச் சென்று, மணலில் ஏற்றி வைத்திருந்த மீன்பிடிப் படகுகளைத் தீட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள், நண்பர் கோகனுடன் நேர்ந்த பூசலுக்குப் பின் தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் அவரை அடைத்து வைக்கும்படி மனுக் கொடுத்தனர். காவலர் அவர் வீட்டைப் பூட்டினர். பித்தன் என்ற சொல்தான் எவ்வளவு எளிதாக நம் நாவில் வந்துவிடுகிறது!

1889 மே மாதம் தாமே விரும்பிச் செயின்ட் ரெமி மனநோய் விடுதியில் சேர்ந்தார். அங்கே சிகிச்சை என்பது பெரும்பாலும் நெடுநேரத் தொட்டிக் குளியலே. ஆனால் ஒரு நன்மை கிடைத்தது. ஓவியம் தீட்டத் தனி அறை ஒன்று ஒதுக்கினர். ஓராண்டில் ஏறத்தாழ 150 ஓவியங்கள் பிறந்தன. உலகம் போற்றும் ‘விண்மீன் இரவு’ அங்குத் தீட்டியதே.

நோய் நீங்கியதா? இல்லை. கோடையில் மீண்டும் தாக்கியது. அந்நிலையில் வண்ணத்தையே விழுங்கிவிட்டார். மருத்துவர் பெய்ரோன் சில வாரம் தூரிகையைத் தடுத்தார். தடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆயினும், வேலையின்றி இருப்பதே தம்மை வாட்டுகிறது, வரைந்தால்தான் தேறுவேன் என்று வான்கோ மன்றாடினார். தூரிகை திரும்பக் கிடைத்தது.

1890 மே மாதம் ஓவேர் என்ற சிற்றூருக்குப் பெயர்ந்தார். அங்கிருந்த மருத்துவர் காசே, நோயை மறந்து ஓவியத்தில் மூழ்குமாறு அறிவுரை கூறினார். 70 நாட்களில் ஏறத்தாழ 70 ஓவியங்கள்! எனினும் துயரம் வென்றது. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு, ஜூலை 29ஆம் நாள் 37ஆம் வயதில் மறைந்தார்.

அப்படியானால் கலை தோற்றதா? அன்று. மனநோய்க்கு இன்றுள்ள மருந்துகள் அன்று இல்லை. கலை மட்டும் தனியாக நின்று போராடியது. அது மருந்துக்கு மாற்றன்று, துணை. இன்று இங்கிலாந்தில் மருத்துவர்கள் சிகிச்சையோடு ஓவிய வகுப்புக்கும் பாட்டுக் குழுவுக்கும் நோயாளரை அனுப்பும் வழக்கம் வளர்ந்துள்ளது.

நம் தமிழகக் கடற்கரையிலோ, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. தோழர்களே, சங்கிலி கழன்ற கையில் நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்? மருந்தைக் கொடுப்போம், கூடவே ஒரு தூரிகையையும் கொடுப்போம்!