தோட்டமும் தொழுகையும்: அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களின் இல்லறம்

மக்கட்பேறும் பொருள்வளமும் அல்லாஹ் அருளும் நிஃமத்துகள். அவற்றை வேண்டித் துஆச் செய்யாத முஸ்லிம் வீடு இல்லை. ஆனால் கேட்டது கிடைத்த பின், அதை வைத்து எப்படி வாழ்வது என்று சிந்திப்பவர்கள் குறைவு. கையில் காசு சேர்ந்ததும் தொழுகையில் சோர்வு வந்துவிடுகிறது. பிள்ளைகள் பெருகிய வீட்டில் இரைச்சல் பெருகுகிறதே தவிர பரக்கத் பெருகக் காணோம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நூறு பேருக்கு மேல் சூழ்ந்திருக்க, பழத்தோட்டத்தின் நடுவே நூறு வயதைக் கடந்து வாழ்ந்து, அத்தனை நிஃமத்துகளையும் தொழுகையோடும் திருக்குர்ஆனோடும் பிணைத்துக் காட்டிய ஒரு ஸஹாபியின் வரலாற்றை இம்மாதம் காண்போம். அவர்கள்தாம் ஹஸ்ரத் அனஸ் பின் மாலிக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள்.

மதீனாவில் கஸ்ரஜ் குலத்தின் பனூ நஜ்ஜார் கிளையில், ஹிஜ்ரத்துக்குச் சுமார் 10 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பிறந்தார்கள். தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், அன்ஸாரிகளில் முந்தி இஸ்லாத்தைத் தழுவியவர்களில் ஒருவர். தந்தை மாலிக் அதற்கு இணங்காமல் ஷாம் நாட்டுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். பின்னர் அபூதல்ஹா (ரலி) அவர்கள் பெண் கேட்டு வந்தார்கள். அப்போது அவர்கள் முஸ்லிமாகியிருக்கவில்லை. பொன்னும் பொருளும் வேண்டாம், நீங்கள் இஸ்லாத்தை ஏற்பதே எனக்கு மஹராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள் உம்மு ஸுலைம். அப்படியே அந்த நிக்காஹ் நடந்தது. கலிமாவையே மஹராகக் கொண்டு அமைந்த வீட்டில்தான் சிறுவர் அனஸ் வளர்ந்தார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தபோது அனஸுக்கு வயது பத்து. மற்ற அன்ஸாரிகள் தம்மால் இயன்ற பொருளை அன்பளிப்பாகக் கொண்டு சென்றார்கள். உம்மு ஸுலைம் தம் மகனையே கையைப் பிடித்து அழைத்துச் சென்று, பணிவிடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்தார்கள். அன்று தொடங்கிய பணிவிடை பெருமானாரின் வஃபாத் வரை 10 ஆண்டுகள் நீடித்தது.

அந்தப் பத்தாண்டில் ஒருமுறைகூடப் பெருமானார் (ஸல்) அவர்கள் சலித்துக்கொண்டு ‘சீ’ என்று ஒரு சொல் சொன்னதில்லை. செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதுமில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் முதுமையிலும் நினைவுகூர்வார்கள். ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்ட சிறுவர், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கவும் திரும்பிப் பார்த்தால், பெருமானார் (ஸல்) சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! உனைஸ் என்று செல்லமாக அழைத்து, அனுப்பிய இடத்துக்குப் போனாயா என்று மட்டும் விசாரித்தார்கள். கோபமில்லை, அடியில்லை. இதோ போகிறேன் என்று சிறுவர் ஓடினார்கள்.

இன்னொரு நாள் வேறொரு வேலையாகச் சென்றுவிட்டு வீட்டுக்குத் தாமதமாக வந்தார்கள். தாயார் காரணம் கேட்க, அது பெருமானாரின் இரகசியம் என்றார்கள். அப்படியானால் அதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்கள் தாயார். மகன் தம்மிடம் மறைக்கிறான் என்று அந்தத் தாய் வருந்தவில்லை. அமானிதத்தைக் காக்கக் கற்றுக்கொண்டான் என்று உள்ளம் குளிர்ந்தார்கள். பிள்ளை வளர்ப்பு என்பது இதுவல்லவா?

அக்காலத்து மதீனா பேரீச்சந்தோப்புகளும் கிணறுகளும் நிறைந்த ஊர். சிறுவர் அனஸ் வெளியில் சுற்றித் திரிந்து ஒருவகைக் கீரையைப் பறித்து வருவார்கள். ஹம்ஸா என்பது அதன் பெயர். அதைக் கொண்டே பெருமானார் (ஸல்) அவர்கள் இவர்களுக்கு அபூஹம்ஸா என்று பெயர் சூட்டினார்கள். இவர்களுடைய தம்பி அபூஉமைர் சிறு குருவி ஒன்றை வளர்த்தார். அது இறந்து குழந்தை வாடியிருந்தபோது, பெருமானார் (ஸல்) அதனிடம் குருவியைப் பற்றிப் பரிவோடும் வேடிக்கையாகவும் பேசித் தேற்றினார்கள். ஒரு சமூகத்தையே வழிநடத்தும் பொறுப்பைச் சுமந்திருந்தவர்களுக்கு, ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று பேச நேரமிருந்தது.

சிற்றப்பர் அபூதல்ஹா (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவிக்கு எதிரே பைருஹா என்றொரு தோட்டம் இருந்தது. பெருமானார் (ஸல்) அங்கு சென்று அதன் சுவையான நீரைப் பருகுவார்கள். நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய இறைவசனம் இறங்கியதும், அந்தத் தோட்டத்தையே தருமமாக்கினார்கள் அபூதல்ஹா. பெருமானாரின் ஆலோசனைப்படி அது உறவினர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மற்றொரு முறை தம் தோட்டத்தில் தொழுதுகொண்டிருந்தபோது ஒரு பறவை அடர்ந்த கிளைகளுக்கிடையே வழி தேடி அங்குமிங்கும் பறந்தது. அந்த அழகில் கண் போக, எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதே மறந்துவிட்டது. தொழுகையை மறக்கடித்த தோட்டம் தமக்கு வேண்டாம் என்று அதையும் தருமமாக ஒப்படைத்தார்கள். மரத்தையும் பறவையையும் நேசிப்பது குற்றமல்ல. அந்த நேசம் தொழுகையை விழுங்கிவிடக் கூடாது. சிறுவர் அனஸ் வளர்ந்த வீட்டில் இந்தப் பாடம் கண்முன்னே நடந்தது.

ஒருநாள் பெருமானார் (ஸல்) அவர்கள் உம்மு ஸுலைம் (ரலி) வீட்டுக்கு வந்தார்கள். பேரீச்சம்பழமும் நெய்யும் வைக்கப்பட்டன. அன்று நோன்பு நோற்றிருந்ததால் அவற்றை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டின் ஒரு மூலையில் நஃபில் தொழுது, வீட்டாருக்காகத் துஆச் செய்தார்கள். எனக்கென்று தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு, உங்கள் பணியாளர் அனஸுக்காகத் துஆச் செய்யுங்கள் என்றார்கள் தாயார். இம்மை மறுமை நன்மை எதையும் விட்டுவிடாமல் வேண்டிய பெருமானார் (ஸல்) அவர்கள், செல்வத்தையும் மக்களையும் தந்து, அவற்றில் பரக்கத்தும் செய்யுமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். இந்த மூன்றாவது சொல்லை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்வமும் மக்களும் பலருக்கும் கிடைக்கின்றன. பரக்கத் இருந்தால்தான் அவை அருளாகும்.

பெருமானாரின் வஃபாத்துக்குப் பின், ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஆட்சியில் ஸகாத் வசூலிக்கும் பொறுப்போடு பஹ்ரைனுக்கு அனுப்பப்பட்ட அனஸ் (ரலி), பிற்பாடு இராக்கின் பஸரா நகரில் குடியேறினார்கள். துஸ்தர் கோட்டை வெற்றியில் அவர்களும் கலந்துகொண்டார்கள். விடியற்காலையில் போர் உச்சத்தை அடைந்ததால் ஃபஜ்ரைச் சூரியன் உதித்த பிறகே தொழ முடிந்தது. கோட்டை கைக்கு வந்தும் அவர்கள் மனம் ஆறவில்லை. உலகமும் அதிலுள்ள அனைத்தும் கிடைத்தாலும் அந்த ஒரு தொழுகைக்கு ஈடாகாது என்று கூறுவார்கள்.

துஆ கபூலானதைப் பஸராவே கண்டது. அவர்களின் தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது. அங்கிருந்த ஒரு செடியில் கஸ்தூரி மணம் வீசியது. ஒரு கோடையில் நிலம் காய்ந்துவிட்டதாகத் தோட்டக்காரர் வந்து முறையிட்டார். அனஸ் (ரலி) அவர்கள் உளூச் செய்து, வெளியே வந்து தொழுது துஆச் செய்தார்கள். மேகம் திரண்டு மழை கொட்டியது. எதுவரை பெய்தது என்று வீட்டாரில் ஒருவரை அனுப்பிப் பார்த்தால், அவர்கள் நிலத்தைத் தாண்டி மிகச் சிறிதே பெய்திருந்தது.

ஊருக்கு வெளியே இரண்டு ஃபர்ஸக் தொலைவில், அதாவது ஏறக்குறைய ஆறு மைல் தள்ளி, ஸாவியா என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டு வாழ்க்கையைப் பிள்ளைகளும் பேரர்களும் மாணவர்களும் அறிவித்திருக்கிறார்கள். முற்றத்தில் விரிப்புப் போட்டு அனஸ் (ரலி) அமர்வார்கள். பிள்ளைகள் அவர்கள் முன்னிலையில் அம்பெய்து பழகுவார்கள். ஒருநாள் பிள்ளைகளின் குறி சரியில்லை என்று கடிந்துகொண்டு, தாமே வில்லை வாங்கி எய்தார்கள் முதியவர். ஓர் அம்பும் குறி தப்பவில்லை. பேரர் ஸுமாமா இதை அறிவிக்கிறார். சிறு பிள்ளைகளைக் கடந்து சென்றால் தாமே முந்தி ஸலாம் சொல்வார்கள்; பெருமானார் அப்படித்தான் செய்தார்கள் என்பார்கள். கறியில் சுரைக்காய் இருந்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. ஒரு தையற்காரர் வைத்த விருந்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் பாத்திரத்தில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைப் பார்த்த நாள் முதல் அந்தக் காயின் மீது பிரியம். கற்ற கல்வியை எழுதி வைத்துக் காத்துக்கொள்ளுமாறு தம் மக்களுக்கு அறிவுறுத்துவார்கள்.

பெருநாள் தொழுகை ஜமாஅத்துக்குப் போக முடியாமல் போனால், ஸாவியாவிலேயே தம் மனைவி மக்கள் அனைவரையும் ஒன்றுகூட்டி, தம் பணியாளர் ஒருவரை இமாமாக நிற்கச் சொல்லி, ஊரார் தொழுவது போன்றே தக்பீர்களுடன் தொழவைப்பார்கள். 2020-இல் கொரோனா நோயால் பள்ளிவாசல்கள் அடைபட்டு, நோன்புப் பெருநாளை வீட்டில் கழிக்க நேர்ந்தபோது, ஆலிம்கள் பலர் எடுத்துக்காட்டியது அனஸ் (ரலி) அவர்களின் இந்தச் செயலைத்தான். ஷாஃபிஈ மத்ஹபில் பெருநாள் தொழுகையை வீட்டில் தொழுவதும் கூடும் என்பது தெரிந்ததே. ஹனஃபி மத்ஹபினர் தம் ஆலிம்களிடம் கேட்டு நடந்துகொள்வர்.

திருக்குர்ஆனை ஓதி முடிக்கும் போதெல்லாம் வீட்டாரையும் பிள்ளைகளையும் கூட்டி வைத்துத் துஆச் செய்வது அவர்களின் வழக்கம். அத்தனை பெரிய குடும்பத்தை ஓரிடத்தில் உட்காரவைத்தது எது? சொத்துப் பங்கீடா, விருந்தா? கத்முல் குர்ஆன் அல்லவா!

எனினும் அந்த வீட்டில் துயரமே இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். ஹஜ்ஜாஜ் என்ற ஆளுநர் பஸராவுக்கு வந்தது ஹிஜ்ரி 75-இல். அதற்குள் தமக்குப் பிறந்தவர்களில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுவிட்டதாகத் தம் மகள் உமைனா கணக்குச் சொன்னார் என்று அவர்களே அறிவித்துள்ளார்கள். அன்பர்களே, ஒரு கப்று தோண்டும்போதே நம் உள்ளம் உடைந்துபோகிறது. நூற்றிருபது கப்றுகள்! இதைச் சொன்ன அதே நாவால்தான், பெருமானாரின் துஆ தம் விஷயத்தில் நிறைவேறிவிட்டதாகவும் மகிழ்ந்து கூறினார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை காலம் இருப்பார்கள் என்பது அல்லாஹ்வின் நாட்டம். இருக்கும் நாளில் அவர்களோடு சேர்ந்து தொழுதோமா, ஓதினோமா, சிரித்தோமா என்பதே நம் கையில் உள்ளது. பரக்கத் என்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

ஹிஜ்ரி 93, அதாவது கி.பி. 712 வாக்கில் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். பஸராவில் கடைசியாக வஃபாத்தான ஸஹாபி அவர்கள்தாம். அவர்கள் வழியாக 2,286 ஹதீஸ்கள் நமக்குக் கிடைத்துள்ளன. மாணவர் முஹம்மது பின் ஸீரீன் (ரஹ்) அவர்கள் குளிப்பாட்டினார்கள். பெருமானார் வைத்திருந்த சிறு கைத்தடி ஒன்று, அவர்களின் விருப்பப்படி உடலோடு சேர்த்து அடக்கப்பட்டது. யாரை நேசிக்கிறோமோ அவர்களோடு மறுமையில் இருப்போம் என்ற நற்செய்தியைக் கேட்டு மகிழ்ந்ததைப் போல வேறெதற்கும் மகிழ்ந்ததில்லை என்று சொன்னவர்கள் அல்லவா அவர்கள்!

இனி நம் நிலையைப் பார்ப்போம். நாம் வாழும் தேனாம்பேட்டை ஒரு காலத்தில் தோட்டவீடுகள் நிறைந்த பகுதி. அருகிலேயே நீண்ட ஏரி கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. இன்று அண்ணா சாலையில் மேலே வாகனங்கள், கீழே 2019 முதல் மெட்ரோ இரயில். இரண்டு அறை அடுக்கு வீட்டில் குடும்பம். மகன் ஒரு நாட்டில், மகள் ஒரு நாட்டில், உம்மாவும் வாப்பாவும் இங்கே. ஸாவியாவின் தோட்டம் நமக்கு ஏது என்று கேட்கத் தோன்றும்.

தோட்டம் இல்லாவிட்டாலும் அதிலிருந்த அமல்கள் நமக்கும் கூடும். முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது தருமம் என்பதையும், கியாமத்து நெருங்கிவிட்டாலும் கையில் உள்ள கன்றை நட்டுவிட வேண்டும் என்பதையும் நமக்கு அறிவித்தவர்கள் அனஸ் (ரலி) அவர்களே. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பிள்ளை கையால் நடச் சொல்லலாம். அஸர் தொழுதுவிட்டு, கதீட்ரல் சாலையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவுக்கோ மெரினாவுக்கோ பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். மஃரிபு வந்துவிட்டால் மணலில் ஒரு துணியை விரித்துக் குடும்பமே ஜமாஅத்தாகத் தொழலாம். பூமி முழுவதும் இந்த உம்மத்துக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறதே! அந்தத் தொழுகையைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். வீட்டில் ஒருவர் குர்ஆனை முடிக்கும் அன்று, வெளிநாட்டிலிருப்பவர்களையும் தொலைபேசியில் சேர்த்துக்கொண்டு அனைவருமாக ஆமீன் சொல்லலாம். படிக்கட்டில் எதிர்ப்படும் குழந்தைக்கு நாமே முந்தி ஸலாம் சொல்லலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பெரிய வீடும் வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நமக்கு அளித்த மக்களிலும் பொருளிலும் பரக்கத் செய்து, இருக்கும் நாளில் ஒன்றாய்த் தொழுது, மறுமையில் பெருமானார் (ஸல்) அவர்களோடும் அவர்கள் தோழர்களோடும் ஒன்றுகூடும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.