ஞானத் தராசு தந்த அல்-காஸினீ

தராசு இல்லாத கடை உண்டா? அரிசி, பருப்பு, மிளகாய் முதல் தங்கம், நாட்டு மருந்துச் சரக்கு வரை யாவும் தராசு ஏறித்தான் கைமாறுகின்றன. ஆனால் அந்தத் தராசையே ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டு, எட்டுப் பாகங்களில் பெருநூல் ஒன்று எழுதிய முஸ்லிம் விஞ்ஞானி இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் குராஸான் நாட்டு மர்வு நகரில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்-காஸினீ அவர்களே அப்பெரியார். விஞ்ஞான சரித்திரம் எழுதுவோர் கிழக்கிலும் மேற்கிலும் மரியாதையோடு குறிப்பிடும் அன்னாரின் வரலாற்றை, சிறப்பாக வியாபாரம் செய்து பிழைக்கும் நம் சகோதரர்களுக்காக, இங்கே சுருக்கிச் சொல்கிறோம்.

அடிமைச் சிறுவர் அறிஞரானார்

மர்வு இன்று துர்க்மெனிஸ்தான் நாட்டில் பாழடைந்து கிடக்கும் பழம்பதி. அன்றோ அது ஸல்ஜூக் ஸுல்தான் ஸன்ஜரின் தலைநகரம். அந்நகரில் அலீ என்னும் கஜானா அதிகாரி ஒருவரிடம் ரூம் தேசத்து அடிமையாக இருந்தவர் நமது அறிஞர். கஜானா அதிகாரியை அரபியில் காஸின் என்பார்கள். எஜமானரின் அந்தப் பட்டமே இவரோடு ஒட்டிக் காஸினீ என்றாயிற்று.

அந்த எஜமானர் இவரை வேலைக்காரராக மட்டும் வைத்துக் கொள்ளவில்லை. க்ஷேத்திர கணிதமும் தத்துவமும் கற்பித்தார். அடிமைக்குக் கல்வி கொடுப்பது நன்மையான காரியம் என்பதை நம் மார்க்கம் போதித்திருக்கிறது. அந்தப் போதனை ஒரு வீட்டில் நடைமுறைக்கு வந்ததால் உலகத்துக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்தார். வான சாஸ்திரத்திலும் தேர்ந்த அல்-காஸினீ, மர்வில் கிரகங்களை நோக்கிக் கணித்த அட்டவணைகளை ஸுல்தானின் பெயரால் ஸன்ஜரீ ஸீஜ் என்று தொகுத்தார்.

உடைக்கப்பட்ட தராசு

அக்காலத்தில் அல்-இஸ்பிஸாரீ என்று இன்னோர் அறிஞர் இருந்தார். கவிஞரும் கணித மேதையுமான உமர் கய்யாமின் காலத்தவர். தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா, இரத்தினம் உண்மையா போலியா என்று கண்டுபிடிக்கக்கூடிய நுட்பமான தராசு ஒன்றை அவர் வெகு காலம் பாடுபட்டுச் செய்து முடித்தார். அத்தராசு ஸுல்தானின் கஜானாவுக்குப் போயிற்று.

கஜானாவைக் காத்து வந்தவனுக்கோ வயிற்றில் புளி கரைத்தது. தராசு வேலை செய்யத் தொடங்கினால் தன் மோசடி வெளியாகிவிடும் என்று பயந்து, அதை உடைத்துத் துண்டு துண்டாக்கினான். செய்தி கேட்ட அல்-இஸ்பிஸாரீ மனமுடைந்து நோயில் விழுந்து, அந்தத் துயரத்திலேயே உயிர் நீத்தார். அதே நூற்றாண்டின் சரித்திராசிரியரான அல்-பைஹகீ இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நேர்மையான தராசைக் கண்டு அஞ்சுகிறவன் யார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் உடைந்தது தராசுதான், அறிவு உடையவில்லை. அல்-இஸ்பிஸாரீ விட்ட இடத்திலிருந்து அல்-காஸினீ தொடங்கினார். அத்தராசை மீண்டும் உருவாக்கி, திருத்தி, மேலும் நுட்பமாக்கினார். அத்துடன் நிற்காமல், அதைச் செய்யும் முறை முழுவதையும் ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121 வாக்கில், மீஸானுல் ஹிக்மா என்ற நூலாக எழுதி ஸுல்தான் ஸன்ஜருக்கு அளித்தார். ஞானத் தராசு என்பது அதன் பொருள். ஒரு தராசை உடைத்து விடலாம். அதைச் செய்யும் முறை நூலாகிப் பலர் கையில் போய்விட்டால் எந்தக் கஜானாக்காரனால் உடைக்க முடியும்?

தண்ணீர் சொல்லும் சாட்சி

அத்தராசின் தண்டு சுமார் 2 மீட்டர் நீளம். தட்டுகள் ஐந்து. ஒன்று தண்ணீருக்குள் அமிழும். ஒன்று தண்டின் மேல் அங்குமிங்கும் நகர்த்தக்கூடியது. 1,000 மித்கால் எடையில் ஒரு பார்லி மணியளவு கூடினாலும் குறைந்தாலும் காட்டிவிடும் என்பது அவருடைய கணக்கு. தங்கத்தின் ஜகாத்துக்கு 20 மித்கால் என்று மதரஸாவில் ஓதினோமே, அதே மித்கால்தான்.

தண்ணீர்த் தட்டு எதற்கு? ஒரு பொருளைத் தண்ணீரில் அமிழ்த்தினால், அது விலக்கும் தண்ணீரின் எடையளவு அதன் எடை குறையும். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை இது. 100 மித்கால் சுத்தத் தங்கம் தண்ணீரில் சுமார் 5¼ மித்கால் குறையும். அதே 100 மித்கால் வெள்ளி சுமார் 9¾ மித்கால் குறையும். ஒரு நகை இவ்விரண்டுக்கும் நடுவே குறைந்தால் அதில் கலப்படம் இருக்கிறது. எவ்வளவு என்றும் கணக்கிடலாம். நகையை உருக்க வேண்டாம். உரைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

இவ்விதம் ஒரு பொருள் தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு கனம் என்பதைத்தான் பள்ளிக்கூடத்தில் ஒப்படர்த்தி என்று படிக்கிறோம். அல்-காஸினீயின் அட்டவணையை இன்றைய கணக்கில் மாற்றினால் தங்கம் 19.05, பாதரசம் 13.56, ஈயம் 11.32, வெள்ளி 10.30, இரும்பு 7.74 என்று வருகின்றன. இக்காலத்து ஆய்வுக்கூடம் தங்கத்துக்குச் சொல்வது சுமார் 19.3. மின்சாரம் இல்லாத காலத்தில் எவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள் பாருங்கள்! இவ்வளவுகளில் பலவற்றை முதலில் கண்டவர் அல்-பிரூனீ (973–1048). அதை அல்-காஸினீ மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பிறர் உழைப்பைத் தன் கணக்கில் சேர்த்துக் கொள்ளாததும் நிறுவையில் நேர்மைதானே.

எடையும் பொருண்மையும்

காற்றும் தண்ணீரைப் போலவே பொருள்களைத் தாங்குகிறது. ஆகையால் காற்று அடர்ந்த இடத்தில் ஒரு பொருளின் எடை சற்றுக் குறையும் என்று அல்-காஸினீ எழுதினார். இது சரியானது. பூமியின் மத்தியிலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து எடை மாறும் என்றும் சொன்னார். மாறும் என்பது மெய். ஆனால் தூரம் கூடக் கூட எடையும் கூடும் என்று அவர் கருதினார். நேர்மாறாகக் குறையும் என்பதை 1687இல் நியூட்டன் விளக்கினார்.

எடை என்பது பூமி இழுக்கும் வலிமை. அது இடத்துக்கு இடம் மாறும். பொருண்மை என்பது பொருளிலே உள்ள சரக்கு. அது எங்கு போனாலும் மாறாது. லண்டனில் சரிபார்த்த நுட்பமான சுருள்வில் தராசைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து ஒரு கிலோவை நிறுத்தால் சுமார் 3 கிராம் குறைவாகக் காட்டும். இரு தட்டுத் தராசுக்கு அந்தத் தொல்லை இல்லை. சரக்கையும் படிக்கல்லையும் பூமி ஒரே விதமாக இழுப்பதால், தண்டு நேராகவே நிற்கும்.

ஆயிரம் தீனார்

ஸுல்தான் ஸன்ஜர் அவருக்கு 1,000 தீனார் அனுப்பினார். அல்-காஸினீ அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். தமக்கு ஆண்டுக்கு 3 தீனார் போதும் என்பது அவர் கொண்ட கணக்கு. வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான். ஓர் அமீரின் மனைவி அனுப்பிய 1,000 தீனாரையும் அவ்வாறே மறுத்தார். அரசாங்கத் தங்கத்தை எடை போடும் வழியைச் சொன்னவர், அத்தங்கத்தில் ஒரு குன்றிமணியும் தமக்கென்று எடுக்கவில்லை.

1221இல் மங்கோலியர் மர்வை அழித்தனர். நூல் பிழைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய நாட்டுத் தூதர் கனிகோவ் அதன் பிரதியொன்றைக் கண்டு அதன் சில பகுதிகளை வெளியிட்டார். பின்னர் 1940–41இல் நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிப் நிலையம் அரபி மூலத்தை அச்சிட்டது.

சகோதரர்களே! அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கவே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் ஜனங்களுக்குச் சொன்ன முக்கியப் புத்தியும் அதுவே. இன்று நம் கடைகளில் அரசாங்க முத்திரை பெற்ற மின்சாரத் தராசுகள் இருக்கின்றன. அவை கிராம் கணக்கில் காட்டுகின்றன. ஆயினும் ஈரச் சாக்கையும் கல்லையும் மண்ணையும் சரக்கோடு சேர்த்து வைத்தால் எந்த முத்திரை தடுக்கும்? தராசு தட்டில் வைத்ததைத்தான் சொல்லும். வைக்கிற கை நம்முடையது. அந்தக் கை அல்-இஸ்பிஸாரீயின் தராசை உடைத்தவன் கையாக இராமல், அதை மீண்டும் செய்தவர் கையாக இருக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக! ஆமீன்.