ஹென்றி கிளிஃப்டன் சார்பி

உதிரியாகிய மணல் உறுதியான கல்லாவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண ஓர் ஆயுளையே செலவிட்டவர்களுள் முதன்மையானவர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1826-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி ஷெபீல்டு நகரையடுத்த ஓரிடத்தில் பிறந்தார். கத்தி முதலிய கருவிகள் செய்விப்பது இவர் குடும்பத் தொழில். 1847-ல் தந்தையார் காலமாகவே, அளவான செல்வம் இவர் கைக்கு வந்தது. மற்றொருவராயின் வியாபாரத்தைப் பெருக்கியிருப்பர். இவரோ சர்வகலாசாலைப் பட்டத்தையும் உத்தியோகத்தையும் நாடாது, வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்.

பற்களையும் எலும்புகளையும் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாய்த் தேய்க்கும் முறையை வில்லியம்ஸன் என்பாரிடம் இவர் அறிந்தார். அம்முறையை 1849-ல் கற்களின்மேற் செலுத்தி, அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு கனமுள்ள தகடுகளாக்கி ஆராய்ந்தார். மலையைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதா என்று சிலர் நகைத்தனர். சார்பியோ வாதம் புரியாது வேலையைத் தொடர்ந்தார். ரைன் நதிப் பிரதேசத்தில் தாம் சந்தித்த ஸிர்க்கெல் என்னும் இளைஞருக்கு இம்முறையைக் கற்பித்தார். அவர் மூலம் அது ஜெர்மனியெங்கும் பரவிற்று.

1858-ல் இவர் வெளியிட்ட கட்டுரை மிகச் சிறந்தது. பளிங்குகள் வளருங்கால் நுண்ணிய நீர்த்துளிகளைத் தம்முள் அடைத்துக்கொள்கின்றன. குளிர்ந்தபின் துளியினுள் ஒரு குமிழி தோன்றுகிறது. பளிங்கை மீண்டும் சூடாக்கிக் குமிழி மறையும் வெப்பநிலையைக் கண்டால், அது பிறந்தபோதிருந்த வெப்பத்தை மதிப்பிடலாம் என்று இவர் காட்டினார்.

1880-ல் லண்டன் பூதத்துவ சங்கத்தின் தலைவராய் நிகழ்த்திய உரையில் மணற்கல்லை விளக்கினார். உருண்டையான படிக மணிகளின்மேல் அதே பொருள் நீரிலிருந்து படிந்து, உள்ளிருக்கும் மணியின் ஒழுங்கையே பின்பற்றி வளர்ந்து, பட்டை தீர்ந்த பளிங்காகிறது என்பதைப் பென்ரித் மணற்கல்லைக்கொண்டு நிரூபித்தார். அப்படிவே மணிகளைப் பிணைக்கும் காரை.

அக்காலத்தில் இது வெறும் அறிவின்பமாய்த் தோன்றியிருக்கலாம். இன்றோ இயற்கை வாயுவைத் தேடுவோர்க்கு இதுவே வழிகாட்டி. வாயு தங்குவது மணிகளின் இடைவெளிகளில். காரை மிகுந்தால் இடைவெளி அடைபடும். தொடக்கத்தில் சிறிதளவு படியும் காரையோ, மேலுள்ள பாரத்தால் மணிகள் நெருங்கிவிடாமல் தாங்கும். மணிகளைப் போர்த்த மெல்லிய களிமண் உறை படிகம் வளர்வதைத் தடுக்கும். வட கடலின் கீழ் வாயு நிறைந்துள்ள பாலைவன மணற்கற்கள் பென்ரித் மணற்கல்லைப்போலப் பெர்மியன் காலத்தனவே. அவற்றின் காரை எவ்வெப்பத்தில் படிந்ததென அறிய, இன்றும் சார்பியின் குமிழி முறையே துணை செய்கிறது.

இறுதி வருஷங்களில் இவரைப் பக்கவாதம் வருத்திற்று. நடக்க இயலாத அந்நிலையிலும், மணலும் சேறும் படியும் விதத்தைக் கணக்கிட்டுக் காட்டும் நீண்ட கட்டுரையொன்றை முடித்தார். 1908-ம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ந் தேதி இவர் மறைந்தார். அக்கட்டுரை அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

மாணவ நண்பர்களே, பயன் யாதெனக் கேட்டுத் தொடங்கியிருப்பின், சார்பி அக்கல்லைத் தேய்த்தேயிரார். சிறியதென்று ஒன்றையும் இகழாது நோக்கினார். பயன் பின்னே தானே வந்தது.