மேகத்தைப் பார்க்க ராக்கெட் கேட்டவர்

நம்ம குலசையில ராக்கெட் தளம் வருதுன்னு எல்லாரும் பேசுறோம். இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் டாக்டர் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் மில் முதலாளி வீட்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். போர் வந்ததால் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 28 வயதிலேயே சொந்த ஊரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்.

ராக்கெட் விட அவர் தேர்ந்தெடுத்த இடம் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா. நம்ம ஊர் மாதிரியே கடற்கரைக் கிராமம். மீனவ ஜனங்க வீட்டை மட்டுமில்ல, சாமி கும்பிட்ட சர்ச்சையும் விட்டுக் கொடுத்தாங்க. சர்ச்தான் ஆபீஸ். ராக்கெட் பாகங்களை சைக்கிள்ல கொண்டு போனாங்களாம்! 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்தது. அது அமெரிக்காவுல செஞ்சது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதுக்குன்னு கேட்டவங்க நிறைய பேர். நிலாவுக்குப் போக இல்லை, மழை, புயலை முன்கூட்டியே அறியவும் கிராமத்துக்கு டிவி கொண்டு வரவும்தான் என்று விளக்கினார்.

1971 டிசம்பர் 30, கோவளத்தில் ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. வயது 52. ஆரியபட்டா பறந்தது 1975-ல். வானிலைக்கென்றே நாம் அனுப்பின முதல் செயற்கைக்கோள் மெட்சாட், 2002 செப்டம்பர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுத்துற வேகத்துக்கே சுத்தி, நம்ம மேகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தது. ரெண்டையும் அவர் பார்க்கலை.

குலசையில 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினாங்க. இங்கிருந்து போகப் போறது சின்ன ராக்கெட்தான். ஆனா தெற்கே நேரா கடல், இலங்கையைச் சுத்திப் போக வேண்டாம். தும்பா ஜனங்க மாதிரி இங்கேயும் ஜனங்க நிலம் கொடுத்திருக்காங்க. அதான் இவரைப் பத்தி எழுதணும்னு தோணிச்சு.