ஆண்டாள் பாட்டுக்கு மெட்டுப் போட்ட அரியக்குடி: கர்நாடக இசை தமிழருக்கா, தெலுங்கருக்கா?

மார்கழி பிறந்துட்டா ரெண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இன்னொன்று, கர்நாடக இசை யாருக்குச் சொந்தம் என்று செல்போனில் நடக்கும் சண்டை. எல்லாம் தெலுங்குக் கீர்த்தனைதானே என்று ஒரு தரப்பு. மூலமே தமிழ்ப் பண்தான் என்று மறுதரப்பு.

இந்தச் சண்டைக்கு நடுவே நின்று பார்க்க வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்று நாம் கேட்கும் திருப்பாவை மெட்டுகள் பெரும்பாலும் இவர் போட்டவைதான்.

12 கிலோமீட்டர்... ரெண்டு மொழி

முதலில் பாட்டு பிறந்த ஊருக்குப் போவோம். திருப்பாவையைப் பாடிய ஆண்டாளின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பஸ் ஏறினால் சுமார் 12 கிலோமீட்டரில் ராஜபாளையம். அங்கே ராஜுக்கள் வீட்டில் இன்றும் தெலுங்கு பேசுகிறார்கள். விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெற்கே வந்து தங்கியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள்.

அந்த விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், 16-ம் நூற்றாண்டில் ஆண்டாள் கதையையே 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியமாக எழுதினார். கதை நடக்கும் இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். திருப்பதி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு ஆண்டாள் மாலை இன்றும் இங்கிருந்துதான் போகிறது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதில் ஒலிப்பது இந்தத் தமிழ்ப் பாசுரங்கள்தான். ஆக, இந்தப் பாட்டு மொழி எல்லையைத் தாண்டி ரொம்ப நாளாச்சு.

சரி, அரியக்குடி யார்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியக்குடியில், 1890 மே 19-ம் தேதி பிறந்தார். புதுக்கோட்டை மலையப்ப ஐயர், நாமக்கல் நரசிம்ம ஐயங்கார் ஆகியோரிடம் கற்ற பிறகு, ராமநாதபுரம் சமஸ்தான வித்வான் 'பூச்சி' ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் குருகுலமாகச் சேர்ந்தார்.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்கணும். பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். அவருடைய குரு மானம்புச்சாவடி வெங்கடசுப்பையர். அவர் தியாகராஜரின் நேரடி சீடர். தியாகராஜர் பிறந்தது திருவாரூர், வாழ்ந்து மறைந்தது திருவையாறு, பாடியது பெரும்பாலும் தெலுங்கில். காவிரிக் கரையில் உருவான தெலுங்குப் பாட்டு, தமிழ் வித்வான்களின் குரல் வழியாகவே அரியக்குடிக்கு வந்து சேர்ந்தது.

கச்சேரியை மாற்றிய கை

பழைய கச்சேரிகளில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பார்கள். அரியக்குடி அதைக் கச்சிதமாக்கினார். தொடக்கத்தில் வர்ணம், அடுத்து விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் சின்னச் சின்னப் பாடல்கள். சபா டிக்கெட் வாங்கி உட்காரும் ரசிகருக்கு ஏற்ற வேகம். இன்றைய கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்ற பெயர் அவருக்கு இதனால்தான். 1938-ல் சங்கீத கலாநிதி ஆனார்.

1941: வெடித்த சர்ச்சை

அப்போதுதான் தமிழிசை இயக்கம் சூடுபிடித்தது. 1941-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடியது. மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். ராஜாஜி, கல்கி, டி.கே.சி. ஆதரித்தனர். இசைக்கு மொழி நிபந்தனை ஆகக் கூடாது என்று சென்னை மியூசிக் அகாடமி தரப்பு எதிர்வாதம் வைத்தது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் உருவானது.

கேட்பவருக்குப் புரியாத மொழியிலேயே முழுக் கச்சேரியும் போனால் எப்படி என்ற கேள்வி நியாயமானது. தமிழ்ப் பாடல்களைக் கடைசித் 'துக்கடா' பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் வலுவாக எழுந்தது. அரியக்குடி அமைத்த கச்சேரி முறைக்கும் அந்த விமர்சனம் பொருந்தும். அதை மறைக்க வேண்டியதில்லை.

5 ராகங்கள் சொல்லும் செய்தி

ஆனால் அதே மனிதர்தான் அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாடல்களை மேடையேற்றினார். பின்னர் திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் மெட்டு அமைத்தார்.

இதில்தான் ஒரு அழகான விஷயம் இருக்கு. முதல் 5 பாசுரங்களின் ராகங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகளும் அதே 5 ராகங்கள், அதே வரிசை! திருவையாற்றில் எல்லோரும் சேர்ந்து பாடும் ராக வரிசையை அப்படியே தூக்கி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் தமிழுக்குக் கொடுத்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. 9-வது பாசுரம் ஹமீர் கல்யாணி, 25-வது பெஹாக். ரெண்டும் வடக்கத்திய இசையோடு உறவுள்ள ராகங்கள். பிஹாக் என்ற பெயரில் அதே பெஹாக்கை டெல்லியிலும் பாடுவார்கள், லாகூரிலும் பாடுவார்கள். எல்லைக்கோடு 1947-ல் வந்தது; ராகம் அதற்கு முன்பே ரெண்டு பக்கமும் இருந்தது.

விருதுப் பட்டியலில் ஒரு பாடம்

1952-ல் அரியக்குடிக்கு சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. அதே ஆண்டு விருது பெற்ற இன்னொருவர் உஸ்தாத் அலாவுதீன் கான். ரவிசங்கரின் குரு. அவர் பிறந்த பிராமன்பாரியா பகுதி இன்று வங்கதேசத்தில். அவர் வாழ்ந்து மறைந்த மைஹர் இந்தியாவில். ரெண்டு நாட்டுக்காரர்களும் அவரை எங்க ஆளு என்கிறார்கள். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான்.

அரியக்குடிக்கு 1958-ல் பத்ம பூஷண் கிடைத்தது. 1967 ஜனவரி 23-ல் மறைந்தார். கே.வி.நாராயணசுவாமி போன்ற சீடர்கள் அவர் பாணியைக் கொண்டுபோனார்கள். எம்.எல்.வசந்தகுமாரி குரலில் வந்த திருப்பாவை இசைத்தட்டு அந்த மெட்டுகளைத் தெருமுனை வரை சேர்த்தது.

நீங்களே கேட்டுப் பாருங்க

மொழிக்கு மேடை கேட்பது உரிமை. அது வேறு. ராகத்துக்குப் பட்டா கேட்பது வேறு. சந்தேகம் இருந்தால், திருப்பாவையின் முதல் பாசுரத்தையும் முதல் பஞ்சரத்னத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. ரெண்டும் நாட்டைதான். பெரிய சங்கீத ஞானம் எல்லாம் வேண்டாம், ஒரு ஹெட்போன் போதும்.